கண்ணாடி காயும்வரை

கடைசியில் ஒருத்தர் அசடு வழியப் போகிறார். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. முதலில் அந்தக் கார்க் கண்ணாடியைத் துடைத்தாக வேண்டும்.

மழை தொடங்கிய நாளிலிருந்து இதே தொல்லை. மூன்று பேர் ஏறிக் கதவைச் சாத்தினால் போதும், இரண்டே நிமிஷத்தில் கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்துவிடும்.

ஓட்டுபவர் அப்பா. வீட்டில் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. டிவியில் செய்தி வாசிப்பவருக்கே குறுக்கே பதில் சொல்கிறவர். பக்கத்து சீட்டில் அம்மா. ஆஸ்பத்திரி லேபில் வேலை, கையில் துடைக்கும் துணி. பின்சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு மகள் கிளி. யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பேசுவதால் அந்தப் பெயர்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்னு மூணு வாரமா..."

"சொல்லு, சொல்லு. முதல்ல அந்த மூலையைத் துடை. எதிர்ல வர்றது லாரியா யானையான்னே தெரியல. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இப்படித்தான்..."

அந்த ஒருத்தன் கதை முடிவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அம்மா ஈரத்துணியை மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

என்ன விஷயம் என்று கிளிக்குத் தெரியும். ஊரின் மறுகோடியில் திறக்கிற புது லேபை அம்மாவின் பொறுப்பில் விடப்போகிறார்கள். காலை ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும்.

"வீட்ல வச்சுச் சொல்லேன்மா" என்றாள் கிளி, அன்று சாயங்காலம்.

"உங்கப்பா மூச்சு விடுற கேப்ல சொல்லிடலாம்னுதான் பாக்குறேன். மனுஷன் மூச்சே விட மாட்டேங்குறாரே."

சனிக்கிழமை காலை அப்பா காரை மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போனார். மதியம் கிளி தோழியின் போனை வாங்கினாள். இரண்டு தடவை இருமினாள். அந்த மெக்கானிக் எதைச் சொல்வதற்கு முன்னாலும் இரண்டு தடவை இருமுவார்.

"சார், மெக்கானிக் பேசுறேன். என் போன்ல சார்ஜ் இல்ல, தொண்டையும் கட்டியிருக்கு. விஷயத்தைச் சொல்லிடுறேன். கண்ணாடிக்கு உள்பக்கம் மருந்து பூசியிருக்கேன். திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் காயணும். அதுவரைக்கும் ஓட்டுறவர் வண்டிக்குள்ள வாயே திறக்கக் கூடாது. பேச்சுச் சூடு நேரா முன்கண்ணாடியில அடிக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த ஆவி போகாது."

எதிர்முனையில் சத்தமே இல்லை. ரேடியோ நின்றுபோனதைக் கிளி வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டாள்.

"பக்கத்து சீட்ல இருக்குறவங்க பேசலாமா?" என்றார் அப்பா, மெதுவாக.

"தாராளமா பேசலாம் சார். அவங்க மூச்சு சைடு கண்ணாடிக்குப் போயிடும்."

"சரிப்பா. அப்படியே பண்ணிடுறேன்."

திங்கட்கிழமை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். இரண்டு சிக்னல் தாண்டியும் சத்தமில்லை என்றதும் அம்மா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லியே."

அப்பா கண்ணாடியைக் காட்டி, வாய்மேல் விரலை வைத்தார். பின்சீட்டில் கிளி புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

செவ்வாய்க்கிழமை அம்மா மழையைப் பற்றிப் பேசிப் பார்த்தார். முழு வாக்கியம். யாரும் குறுக்கே வரவில்லை. அவருக்கே ஆச்சரியம், இன்னொன்று பேசினார்.

புதன்கிழமை, துடைக்க வேலையில்லாத துணியை முறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். புது லேப், ஆறு மணி, வெள்ளிக்கிழமைக் கெடு.

"பயமாவும் இருக்கு. ஆசையாவும் இருக்குங்க."

அப்பா காரை ஓரங்கட்டினார். கதவைத் திறந்து இறங்கினார். தூறலில் நனைந்தபடி காரைச் சுற்றி வந்து, அம்மா பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். அம்மா ஒன்றும் புரியாமல் கண்ணாடியை இறக்கினார்.

"அஞ்சரைக்கே நான் கொண்டுபோய் விடுறேன். சரின்னு எழுதிக் குடுத்துடு."

அவ்வளவுதான். ஆபீஸில் ஒருத்தன் கதைகூட இல்லை. மறுபடி சுற்றி வந்து, வாயை மூடிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை அம்மா பதில் எழுதிய கவரோடு இறங்கி, வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். கிளிக்கு மனசு கேட்கவில்லை. பாவம், அஞ்சு நாளாக மனுஷன் முழுங்கிய பேச்செல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ.

"அப்பா, இனிமே நீங்க பேசலாம். கண்ணாடி காஞ்சிருக்கும்."

"கண்ணாடிக்கு என்ன? கதவு ரப்பர் கிழிஞ்சு, மழைத்தண்ணி கால்மிதிக்கு அடியில தேங்கியிருந்துச்சு. ரப்பரை மாத்தி, உள்ள காயவச்சு, சனிக்கிழமை மதியம் நான் ஷெட்டுக்குப் போனப்பவே சரி பண்ணி வச்சிருந்தாங்க."

"அப்போ... மெக்கானிக் பூசுன மருந்து?"

அப்பா இரண்டு தடவை இருமினார்.

"நீ போன் பண்ணினப்ப அவர் என் எதிர்லதாம்மா உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாரு."