முழுங்கு, பார்க்கலாம்!

"டாக்டர், வெள்ளிக்கிழமை கல்யாணம். இன்னிக்கு இந்தக் கிளிப்பைக் கழட்டியே ஆகணும்!"

பல் டாக்டர் கையுறையை மாட்டியபடியே, கூட வந்தவளைப் பார்த்தார். கல்யாணப் பெண்ணோ நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள்.

"பல்லு வரிசைக்கு வந்தாச்சு. நாக்குதான் பிரச்சினை. ஒவ்வொரு தடவை எச்சில் முழுங்கும்போதும் முன்பல்லை முட்டித் தள்ளுது. அந்தப் பழக்கம் போகாம கழட்டினா, மூடின இடைவெளி மறுபடி வந்துடும்."

"அதெல்லாம் விரட்டி விரட்டிப் பழக்கிட்டேன் டாக்டர். கண்ணாடி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின்னு வீடு பூரா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். அதைப் பாத்தாலே நாக்கு நுனி மேலண்ணத்துக்குப் போயிடணும்!"

கல்யாணப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். "இவ தொல்லை தாங்கல டாக்டர். அவர்கிட்ட போன்ல பேசிட்டிருந்தா, குறுக்க வந்து 'நாக்கு எங்க இருக்கு?'ன்னு அதட்டுறா. அந்த மனுஷன் பயந்துபோய், 'என் நாக்கா?'ன்னு கேக்குறார்!"

டாக்டர் சிரித்துக்கொண்டே தண்ணீர் தம்ளரைக் கொடுத்தார். "ஒரு வாய் எடுத்துக்கங்க. உதட்டைப் பிரிச்சுப் பாக்குறேன். ம்... முழுங்குங்க."

பற்களுக்கு நடுவே நாக்கு எட்டிப் பார்த்தது.

"போச்சு!" கூட வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்ல ஒழுங்காத்தானே செஞ்ச? இங்க வந்து மானத்தை வாங்குறியே!"

"நீ இப்படி முறைச்சா நாக்கு எப்படி நிக்கும்? அந்தப் பக்கம் திரும்புடி!"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

இன்னொரு வாய். இந்த முறை நாக்கு மேலேயே ஒட்டிக்கொள்ள, தண்ணீர் மட்டும் இறங்கியது. டாக்டருக்குத் திருப்தி இல்லை. கல்யாணப் புடவை என்ன நிறம் என்று பேச்சுக் கொடுத்து, சட்டென்று முழுங்கச் சொன்னார். அப்போதும் நாக்கு பல்லைத் தொடவில்லை.

"பாஸ்! கழட்டிடலாம். பல்லு மறுபடி நகராம இருக்க, ராத்திரி மட்டும் நான் தர்ற பிளேட்டைப் பல்லுல மாட்டிக்கணும்."

கம்பி மொத்தமும் கழன்று வந்த பிறகு, கல்யாணப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள். வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

"அப்படியே இரு, அசையாத!" கூட வந்தவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். "என் கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோலகூட நீ பல்லு தெரிய சிரிக்கல. அதுக்கும் சேத்து, உன் கல்யாணத்துல சிரிச்சுத் தீத்துடணும்... சரியா, என்னைப் பெத்த அம்மா?"