அக்கராயன் மெயில்

வைரஸுக்குப் பயந்து கணினியின் ஃபயர்வோலைத் தானே இறுக்கியபோது, சண்டைப் பகுதிக்குள் இருந்த அக்கராயன் மருத்துவக் கிளையின் மெயில்களையும் சேர்த்துத் தடுத்துவிட்டதை வவுனியா நிவாரண அலுவலகத்தில் மெல்ரொன் இன்றுதான் கண்டுபிடித்தான். வழியைத் திறந்ததும், தேங்கிக் கிடந்தவை வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் தாதி நிறஞ்சனா எழுதியவை.

‘காயக்காரர் சாகினம். வாகனம் அனுப்புங்கோ, மெல்ரொன் அண்ணா.’

அந்தக் கிளை போன மாதமே ஷெல்லடியில் எரிந்துவிட்டது. நிறஞ்சனாவையும் புதைத்தாயிற்று.

“ஆரும் பாக்க முதல் இதுகளை அழியும். வழியையும் திரும்பப் பூட்டும்,” என்றார் பொறுப்பாளர் தங்கராசா, தேத்தண்ணியை உறிஞ்சியபடி.

மெல்ரொன் அழித்தான். பூட்டினான். அதுவும் போதாதென்று இணைய வயரையே பிடுங்கினான்.

வயர் கையில் இருக்கும்போதே புது மெயில் ஒன்று வந்தது.

‘ஏன் அண்ணா திரும்பப் பூட்டினனீங்கள்? வாகனம் இன்னும் வரேல்லை.’

தங்கராசா எட்டிப் பார்த்தார்.

“அதையும் அழியும்.”