நாலு பத்து மணி வானம்

கோள்களின் ஓட்டத்தை மனிதன் கணக்கிட்ட கதையைச் சொல்லி முடித்த பேச்சாளர், கோளரங்கத்தின் வழக்கப்படி, யாராவது தங்கள் வீட்டில் ஒருவர் பிறந்த நாளையும் நேரத்தையும் சொன்னால் அந்த நேரத்து வானத்தைக் காட்டுவதாகச் சொன்னார். திருமாறன் எழுந்தான்.

"போன ஜூன் மூணாம் தேதி. சாயங்காலம் நாலு பத்து."

அவன் மனைவி கோதை இறந்த நேரம் அது.

"பகலாச்சே சார். சூரியனை அணைச்சாத்தான் நட்சத்திரம் தெரியும்" என்று பேச்சாளர் அணைத்தார். கூரை முழுக்க நட்சத்திரங்கள் எழுந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பொண்ணா, பையனா தம்பி?" என்றாள் பக்கத்து இருக்கை அம்மாள். அவன் பேச்சாளர் பக்கமே திரும்பினான்.

"இதுக்கு முந்தின நாள் காட்ட முடியுமா சார்?"

"எந்த நாளுக்கு வேணாலும் போகலாம். கணக்குக்கு முன்னாடி, பின்னாடி எல்லாம் ஒண்ணுதான். ஆனா ஒரு நாள்ல பெரிசா எதுவும் மாறாதே."

நிலா மட்டும் கையகலம் மேற்கே நகர்ந்து நின்றது. அந்த முந்தின நாள் நாலு பத்துக்குக் கோதை மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டே, ஒரு கிளிப்பைக் காணோம் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தேதி யாருங்க?"

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் சார்."

"அதான் ஒண்ணும் மாறலையே, உட்காருப்பா" என்றார் பின்வரிசையில் ஒருவர். சிலர் சிரித்தார்கள். திருமாறன் நிலாவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.