எட்வினின் நாற்பத்திரண்டு நிமிடங்கள்

அவனுடைய ஃபைல் நீளமாக இருந்தது.

அவளுடையது ஐம்பத்திரண்டு நிமிடம். எட்வினுடையது தொண்ணூற்று நான்கு.

ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்த பேச்சு. மிச்சம் நாற்பத்திரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது?

ஞாயிறு காலை பதினொரு மணி. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. அவள் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள். மேலே அவள் குரல் பச்சைக் கோடாக ஓடியது. கீழே எட்வின், நீலத்தில்.

எண்பது வாரமாக இதுதான் ஏற்பாடு. கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. இப்போது அவன் மெல்போர்னில் இருக்கிறான். மாடிக் கொடியில் யார் துணி முதலில் காய வேண்டும், கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் இரண்டாம் தடவை கேட்கலாமா என்று நேயர்கள் அனுப்பும் சில்லறைச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் பாட்காஸ்ட்.

இன்டர்நெட்டை நம்பிப் பதிவு செய்தால் பாதிப் பேச்சில் குரல் அறுந்து அறுந்து வரும். அதனால் பேசுவதற்கு ஒரு செயலி. பதிவு மட்டும் அவரவர் மைக்கில், அவரவர் கணினியில். தொடக்கத்தில் எட்வின் மூன்று எண்ணுவான். இருவரும் ஒரு தடவை கை தட்டுவார்கள். பிறகு அவள் இரண்டு ஃபைலையும் அடுக்கி, இரண்டு தட்டலையும் நேருக்கு நேர் நிறுத்துவாள்.

ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியது போல ஆகிவிடும்.

நேற்றுப் பேசியது எண்பதாவது. கடைசியும் அதுதான்.

போன வாரம் எட்வின்தான் சொன்னான். வீட்டில் நேரம் கேட்கிறார்களாம். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை அவர்களுக்கு வேண்டுமாம். நியாயம்தானே. யாராவது நேயர் இந்த வழக்கைக் கொண்டுவந்திருந்தால் அவளும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பாள்.

தாராளமாக நிறுத்தலாம் என்று சிரித்தாள். அன்று மத்தியானம் உலையே வைக்கவில்லை.

அலுவலகத்தில் அவள் மேடம். கேஸ் சிலிண்டர்காரருக்கு மூணாம் நம்பர் வீடு. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரே ஒரு குரல்தான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மிச்சத்தை வெட்டி எறிய ஒரு விசை போதும்.

அவள் வெட்டாமல் ஓடவிட்டுக் கேட்டாள்.

"வச்சிருதேன், பிள்ளைங்க கத்துதுங்க" என்றான் எட்வின். வாராவாரம் அதே வார்த்தைதான். மௌஸ் சொடுக்கியது. அழைப்பை அறுத்தவன் பதிவை நிறுத்த மறந்திருக்கிறான்.

பிள்ளைகள் கத்தவில்லை.

ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. மைக்ரோவேவ் மூன்று தடவை கூவியது.

ஒரு தட்டு. ஒரு கரண்டி.

யாரும் கதவைத் திறக்கவில்லை. யாரும் யாரையும் எதற்கும் திட்டவில்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு திட்டுகூட விழாமல் இருக்குமா?

தட்டைக் கழுவினான். கவிழ்த்து வைத்தான். பிறகு ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? அவளும்தான் வாராவாரம் "இவுகளுக்குக் காப்பி போடணும்" என்று சொல்லிவிட்டு அழைப்பை வைக்கிறாள். இவுக தன் துணிமணியை அள்ளிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகிறது. பீரோவில் அந்தப் பக்கம் காலி. அங்கே தலையணைகளை அடைத்து, நடுவில் மைக்கை நிறுத்தி, பீரோவுக்குள் தலையை விட்டுத்தான் அவள் பேசுவாள். எதிரொலிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

தொண்ணூற்றோராவது நிமிடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. அவன் மைக் பக்கத்தில் வந்திருந்தான். மூச்சு கேட்டது.

"அப்புறம்?" என்றான்.

அது அவளுடைய வார்த்தை. பேச்சு தீர்ந்துவிடும் போலிருந்தால் அவள் போடுகிற வார்த்தை. ஒரு பதிவுக்கு முப்பது விழும். அவன் கிண்டல் செய்வான். அவள் ஒன்றுவிடாமல் வெட்டித் தள்ளுவாள்.

இப்போது அவன் அதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சும்மா இருந்தான்.

மூன்று நிமிடம்.

அத்தோடு கணினியில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். மறுபடி உயிர் வந்ததும் ஃபைல் தானாகக் கிளம்பி அவளிடம் வந்துவிட்டது. அப்படி வரும்படி செய்து கொடுத்ததே அவள்தான்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஊரார் வழக்குக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன இரண்டு பெரிய மனிதர்கள்!

வாராவாரம் இல்லாத குடும்பத்தைத் தூக்கிச் சுமக்க முடியாமல்தான் அவன் நிறுத்துகிறான். அந்தப் பாரம் அவளுக்குத் தெரியாதா?

கேட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் வெட்கத்தில் அடியோடு போய்விடுவான். அவளாக இருந்தாலும் போயிருப்பாள்.

திரையில் இரண்டு கோடும் பழுதில்லாமல் இருந்தன. இவ்வளவு சுத்தமான பதிவு எண்பது வாரத்தில் அமைந்ததில்லை.

செல்போனை எடுத்தாள்.

'எட்வின், உன் ஃபைல் கெட்டுப்போச்சு. ஒண்ணுமே கேக்கல. திரும்ப முதல்லயிருந்து பேசணும்.'

அனுப்பிய பிறகுதான் கிழமை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதே, குடும்பத்தோடு வெளியே இருப்பேன் என்று அவன் சொல்லிவைத்திருந்தான்.

உடனே இரண்டு நீலக் குறி விழுந்தது. பதிலும் வந்தது.

'இப்பவே உக்காருவோமா?'

அவள் பீரோவைத் திறந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எட்வின் மூன்று எண்ணினான்.

இருவரும் கை தட்டினார்கள்.

அவள் பதிவுப் பொத்தானை அமுக்கவில்லை.