மூன்றாவது ஓலை

“மதராஸ் துறைமுகத்தில் மிதக்கும் கிரேன் கப்பலின் கேப்டன் தோமினிக்கும், செஞ்சி ரோஸ்மேரியும் விவாகம் செய்யப் போகிறார்கள். தடை இருப்பது தெரிந்தவர்கள் சொல்லலாம்” என்று சாமியார் படித்தார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை படித்தாக வேண்டும்; இது மூன்றாவது. பூசை லத்தீனில், ஓலை மட்டும் தமிழில். ஆகவே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து சவரியம்மாள் எழுந்தாள். பெண்ணைப் பெற்றவள்.

“தடை இருக்குது சாமி. கப்பல்காரனுக்கு எம் பொண்ணு இல்ல.”

ரோஸ்மேரி தொட்டிலில் இருந்தபோது பினாங்குக்குக் கப்பல் ஏறியவர் சவரியம்மாளின் புருஷன். இன்னும் இறங்கவில்லை.

துறைமுகம் என்றால் கரை என்று நம்பித்தான் அவள் சம்மதித்திருந்தாள்.

எல்லாம் மாப்பிள்ளையின் சித்தப்பா காஸ்பர் செய்த வேலை. முதல் ஞாயிறு ஓலையில் தோமினிக் துறைமுகத்தில் வேலை பார்த்தான். ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு துறைமுக அதிகாரியானான். நேற்று சாமியாரிடம் ஓலைச் சீட்டை வாங்கித் திருத்தி, காஸ்பர் அவனைக் கேப்டனாக்கிவிட்டார். இன்னொரு ஞாயிறு இருந்திருந்தால் துறைமுகமே பையன் பெயருக்கு வந்திருக்கும்.

முக்காட்டுக்குள் ரோஸ்மேரியின் விரலில் செபமாலை நின்றுவிட்டது.

ஆண்கள் பக்கம் தோமினிக் எழுந்தான். காஸ்பர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “உக்கார்றா, மானம் போவுது!”

“அது கப்பலே இல்ல அத்தே. தட்டையா ஒரு இரும்புத் தெப்பம். அதுமேல கிரேன் நிக்குது. எஞ்சின்கூட கெடையாது. படகு கட்டி இழுத்தாத்தான் நகரும்.”

“அப்ப கேப்டன்னு படிச்சாங்களே, இன்னா அது?”

“அவரு அந்த இழுக்குற படகுல இருக்காரு. தூக்குற சாமானுக்குச் சங்கிலி மாட்டுறவன் நானு.”

காஸ்பர் கண்ணை மூடிக்கொண்டார். சிலர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

சவரியம்மாள் விடவில்லை. “பினாங்கு பக்கம் போவுமா?”

“பினாங்கா? பெரிய அலைல வுட்டா கவுந்துடும் அத்தே. துறைமுகத்த தாண்ட வுடவே மாட்டாங்க.”

தன் பிழைப்பை இவ்வளவு மட்டமாகப் பேசி, ஒரு மாமியாரின் முகத்தை இப்படி மலர வைத்த மாப்பிள்ளை வேறு யாரும் இருக்க முடியாது.

“ராத்திரிக்கு?”

“சாயந்திரம் சங்கு ஊதினா ராயபுரம் வூடுதான்.”

சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது. அதில் ரோஸ்மேரியுடையது தனியாகக் கேட்டது.

சாமியார் பேனாவைத் திறந்து சீட்டில் கேப்டனை அடித்தார்.

“அப்ப என்னன்னு போடறது?”

காஸ்பர் வாயைத் திறக்குமுன் சவரியம்மாள் முந்திக்கொண்டாள்.

“சாயந்திரம் வூட்டுக்கு வர்றவருன்னு போடுங்க சாமி.”