வால் சைக்கிள்

"ஐயா, இன்னும் மூணு கிலோமீட்டர்தான். கொஞ்சம் வேகமா மிதிங்க ஐயா!"

"மிதிக்கிறேம்மா. இந்த முட்டிதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, கண்ணையன் மறுபடியும் சைக்கிளை ஓரங்கட்டித் தண்ணீர் குடித்தார். நிதானமாகக் குடித்தார்.

சுகன்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று விடியலில் வில்லியனூரில் கிளம்பிய நாற்பது சைக்கிளில் முப்பத்தெட்டு இந்நேரம் ஜவ்வாது மலை உச்சிக்குப் போயிருக்கும். பாக்கி இந்த இரண்டுதான்.

இரண்டு நாளும் கடைசியில் வந்தவர் இவர்தான். பண்டசோழநல்லூர் கரும்பு விவசாயி, அறுபது வயது. அவர் பின்னாலேயே வர வேண்டியது சுகன்யாவின் தலையெழுத்து. யாரையும் வழியில் தனியாக விடக்கூடாது என்று சைக்கிள் குழுவில் ஒரு சட்டம். ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருவர், கடைசி ஆள் யாரோ அவர்கூடவே கடைசிவரை வர வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் 'வால்'. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இந்த வருஷம் வால் சுகன்யா.

நாலு மணிக்குள் உச்சியில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் உறுமிக்கொண்டு வரும் வேன் ஏற்றிக்கொள்ளும். வேனில் ஏறினால் மெடல் கிடையாது. கடைசி ஆள் ஏறினால் வாலுக்கும் கிடையாது.

மணி மூன்று முப்பத்தைந்து.

கண்ணையனுக்கு அந்தக் கவலையெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை. பேசிக்கொண்டே ஏறினார். 'ம்' கொட்டவே சுகன்யாவுக்கு மூச்சு வாங்கியது. அவர் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"எங்க வூட்டுக்காரம்மா போயி நாலு வருசம் ஆவுது. பொண்ணு பெங்களூர்ல. ஞாயித்துக்கெழம போன் பண்ணும். சாப்டியாப்பான்னும், சாப்டேம்மான்னுவேன். அவ்ளோதான், வச்சிடும். கரும்பு வெட்றப்ப ஆளுங்க வருவாங்க, பத்து நாளு பேச்சு இருக்கும். மத்த நாளுல மோட்டார் சத்தந்தான்."

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சுகன்யா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆமா, உங்க வூட்ல இன்னிக்கு இன்னா கொழம்பு? மாமியார் நல்லா சமைக்குமா?"

"மாமியாரா?" சுகன்யா பிரேக்கைப் பிடித்துவிட்டாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. "போன வருசம் தொடை புடிச்சிக்கினு பாதி மலையிலயே வேன்ல ஏறி, அப்டியே வூட்டுக்குப் போயிட்டேன் ஐயா. தெரு பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க எங்க அத்தை. இந்த வாட்டியும் வேன்ல வந்தா சைக்கிளை வித்துடுன்னு சொல்லிட்டாங்க. காலையில ஒரு மணி நேரம் சைக்கிள்ல போறேனே, அது ஒண்ணுதான் ஐயா எனக்குன்னு இருக்குது!"

கண்ணையன் முகம் மாறிப்போனது. "இத ஏம்மா நேத்தே சொல்லல?"

"முட்டி வலின்னீங்க. பெரியவர எப்டி வெரட்டறது?"

பின்னால் ஹாரன் அலறியது. வேன் ஓட்டும் டேனியல் தலையை வெளியே நீட்டினான். "அக்கா, மூணு நாப்பது ஆயிடுச்சி! நடக்கற கதையா இது? ஏறுங்க ரெண்டு பேரும்."

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை வேன் பக்கம் திருப்பினாள்.

"ஏறாத!" என்றார் கண்ணையன். குரலே வேறு மாதிரி இருந்தது. "சைக்கிள்ல ஒக்காரு. பின்னால சீட்டை நான் புடிச்சிக்கிறேன். நீ ஹேண்டிலை மட்டும் நேரா வச்சிக்க."

"உங்க முட்டி..."

"முட்டி கெடக்குது. ஒக்காரும்மா!"

அவருடைய ஒரு கை தன் ஹேண்டிலில், மறு கை அவள் சீட்டில். இரண்டு சைக்கிளும் ஒன்றாகக் கிளம்பின. யம்மாடி! அடுத்த வளைவுக்கு வந்தபோதுதான் சுகன்யாவுக்குப் புரிந்தது, தான் மிதிப்பது பேருக்குத்தான் என்று. வளைவுக்கு மேல் வளைவு வந்தது. அவர் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

கோட்டுக்குப் பத்தடி முன்னால் சீட்டை விட்டுவிட்டு அவர் முந்திப் போனார். வால் பின்னால்தானே வர வேண்டும்! சுகன்யா கோட்டைத் தாண்டியபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

உச்சியில் ஒரே கைதட்டல். குழுத் தலைவர் மணிவண்ணன் மெடலைக் கழுத்தில் மாட்டியதும் சுகன்யா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அடுத்த மெடலோடு மணிவண்ணன் கண்ணையனிடம் போனார்.

"இன்னாண்ணே இது! போன வருசம் பன்னண்டு மணிக்கே மொத ஆளா வந்து இந்த மரத்தடியில ஒக்காந்திருந்தீங்க. இந்த வருசம் கடைசியா?"

சுகன்யா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இத்தனை ஏற்றம் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு மூச்சுக்கூட இரைக்கவில்லை.

"அப்போ முட்டி வலின்னது?"

கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொத ஆளா வந்து, அடுத்த ஆளு வர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் தனியா ஒக்காந்திருந்தேம்மா. அதுக்கு எங்க வூட்லயே ஒக்காந்திருக்கலாமே. கடைசி ஆளுக்குத்தான் ரெண்டு நாளும் பேசிக்கினு கூடவே ஒரு ஆளு வருது."