பப்பாளிக் குளிகை

"அம்மைக்கு இப்போ சாமியே வேண்டாம் போல, அண்ணா."

சிவராத்திரிக்காக ஆரியங்கோட்டிலிருந்து வந்திருந்த அஜிதா, பூசை அறை விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். விளக்கில் தூசி அடைந்திருந்தது.

"முட்டு வலியாக்கும்," என்றான் அனில்குமார்.

"கோயிலுக்குப் போகச்சிலே மட்டும் வாற முட்டு வலியா? போன வாரம் குன்னத்துகால் கல்யாணத்துக்கு வந்தப்ப ஒரு வலியும் இல்லியே! ஒடம்பு தேறினதும் சாமி மறந்து போச்சு."

அடுக்களையில் இருந்த அம்மா சொர்ணம்மாளுக்கும் அது கேட்டது.

உடம்பு தேறியது உண்மைதான். போன வருடம் எதைச் சாப்பிட்டாலும் அவள் உடம்பில் ஒட்டவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள். அனில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மனைவி மஞ்சு இறந்தபிறகு அந்த வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும்தான்.

"சோற்றையும் எண்ணெயையும் உடைத்து உடம்பில் சேர்ப்பது நொதி. தான் தீர்ந்து போகாமல் காரியத்தை நடத்தித் தருகிற பொருள் அது. இவங்க கணையத்தில் அது சுரக்கவில்லை. விருந்தே சாப்பிட்டாலும் பட்டினிதான்," என்று டாக்டரம்மா விளக்கினார். நொதி அடைத்த குளிகைகளை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் சோற்றோடு விழுங்க வேண்டும். ஆயுள் முழுக்க.

மருந்துக் கடைக்காரர்தான் அனிலிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பன்னியின் கணையத்திலேருந்து எடுக்கியது சாரே. வேற வழி இல்ல."

முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொடாதவள் அம்மா. அனில் அன்றே குளிகைகளைப் பழைய அரிஷ்டக் குப்பிக்கு மாற்றினான். பப்பாளிப் பாலிலும் ஒரு நொதி உண்டு என்று எங்கோ படித்திருந்ததால் பொய் எளிதாக வந்தது.

"பப்பாளிப் பாலில எடுக்கியதாக்கும்மா. பூசைக்கே வைக்கலாம்."

அம்மா தலையாட்டி வாங்கி விழுங்கினாள். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு வைத்தது. பூசை அறைக்குள் போவது மட்டும் நின்றுபோனது.

தங்கையின் பேச்சு அனிலைச் சுட்டது. சாயங்காலம் அம்மாவைக் கட்டாயப்படுத்திக் காரில் ஏற்றினான். கோயில் வாசலில் அஜிதா எண்ணெய்க் குப்பியோடு இறங்கி உள்ளே போனாள். அம்மா இறங்கவில்லை.

"நீ போயிட்டு வா மக்கா. நான் இங்கன இருந்து கும்பிடுகேன்."

அனில் தொழுதுவிட்டு, இலைத்துண்டில் திருநீறோடு திரும்பி வந்தான். நெற்றியில் பூசப் போனபோது அவள் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் மக்கா."

அனிலுக்குப் பொறுக்கவில்லை. "சாமி மேல என்னம்மா கோவம்? மஞ்சுவைக் கொண்டு போனதுக்கா?"

"கோவமா? எனக்கா?" சொர்ணம்மாள் கோயில் நடையில் எரியும் விளக்குகளையே பார்த்தாள். "பன்னி சேர்ந்த ஒடம்பில எப்படி மக்கா திருநீறு பூசுவேன்?"

அவன் நீட்டிய கையைத் தாழ்த்தினான்.

"நீ மருந்து வாங்கப் போயிருந்த நேரம், டாக்டரம்மா என்னிட்டயே கேட்டா, பன்னியிலேருந்து எடுக்கிய மருந்து, விரோதம் உண்டுமான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். பெறவு நீ பப்பாளின்னு சொன்ன. நானும் ஆமான்னு இருந்துட்டேன்."

"தெரிஞ்சும் என்னத்துக்கும்மா முழுங்கினீங்க?"

அவள் அவன் கையிலிருந்த இலையைத் திருநீறு சிந்தாமல் மடித்து, அவன் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"சாமிக்கு விளக்கு வைக்க ஊரே உண்டு மக்கா. வீட்டுக்கு வந்தா உனக்கு ஆரு உண்டு?"